நடுப் பலகை

குடிவந்த அன்று அவர் முதலில் தட்டிப் பார்த்தது எங்கள் கட்டிலை. டெம்போவிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் என்ற முறையில் வாசலுக்கு வந்தவர், வாங்க என்று சொல்வதற்கு முன்பே கட்டில் காலருகே குனிந்து, நடுவிரல் முட்டியால் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். அடுத்த காலுக்குப் போனார். அங்கேயும் ஒரு தட்டு, அங்கேயும் காது. டெம்போக்காரர்கூட அம்மிக்கல்லை இடுப்பில் அணைத்தபடி நின்றுவிட்டார்.

"மூணு கால் கெட்டி. இந்தக் கால்ல மட்டும் பூச்சி இருக்கு. பார்த்துக்குங்க" என்றார் எழுந்து.

அது என் அப்பா சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் கணவர் கண்ணால் அடக்கினார். வீட்டுக்காரர் சொன்னதெல்லாம் பலித்தது என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கட்டில் இன்றும் என் வீட்டில் நான்கு காலில்தான் நிற்கிறது, ஒரு பூச்சியும் இல்லை.

ஆனால் அவர் அப்படித்தான். எதையும் தட்டாமல் நம்ப மாட்டார். புது கேஸ் சிலிண்டர், பூசணிக்காய், மண்பானை, பக்கத்து வீட்டுக் கதவு, பெருங்களத்தூர் ஸ்டேஷன் பெஞ்சு எல்லாமே அவர் விரல் முட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும். தெருவில் அவருக்குத் 'தட்டுற சார்' என்றே பெயர். ரயில்வே ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மரவேலைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாது.

ஒரு கோடையில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் தர்பூசணி வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். குவியலில் ஒவ்வொரு பழமாக எடுத்துத் தட்டினார், கேட்டார், வைத்தார். பழக்காரன் பொறுத்துப் பார்த்தான்.

"இன்னா சார், வாங்கப் போறியா, இல்ல தட்டிகினே இருக்கப் போறியா? உள்ள யாரும் குடி இல்ல சார்!"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பழத்தை மெதுவாக வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் நடந்தார். கேலியைத் தாங்காத மனுஷர் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் எதிர் வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். சவப்பெட்டி வந்து கூடத்தில் வைத்தாயிற்று. போதகர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எல்லாரும் தலைகுனிந்து நிற்கும்போது, டக் டக் என்று ஒரு சத்தம். இவர்தான். பெட்டியின் பக்கப் பலகையைத் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்து நிற்கிறார். இறந்தவரின் மகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பின்வாங்கினாள். இவர் மனைவி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கை போகிறது, கண் மட்டும் பெட்டி மேலேயே இருந்தது. ஏதோ பதிலுக்குக் காத்திருக்கிற முகம் அது.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீர்க்கன்கரணை ஏரியைப் பார்த்த பழைய வீடு. மாடியில் அவரும் மனைவியும், கீழே நாங்கள். மனைவி ஓய்வு பெற்ற ஆசிரியை, தெருவுக்கே டீச்சரம்மா. ஒரே மகள், கல்யாணமாகி அண்ணாநகரில் இருந்தாள். மாடி அறைக்கு வெளியே, ஏரிப் பக்கமாக, கம்பங்களின் மேல் ஒரு பலகைத் தளம் நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிவதற்காகப் பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. அந்தக் காலத்தில் வீட்டைக் கட்டிய ரயில்வே கார்டு ஒருவர் அதை 'டெக்' என்பாராம், கப்பலில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று. அந்தப் பெயரே நின்றுவிட்டது. டெக்கின் அடியில் இருந்த சிமென்ட் தரைதான் எங்கள் முன்வாசல். வெயில் ஏறினால் அங்கே வெளிச்சம் கோடு கோடாக விழும். காற்று தெற்கிலிருந்து வீசினால் விடியற்காலையில் வண்டலூர் ஜூவில் சிங்கம் கத்துவது கேட்கும்.

நான் அப்போது வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்வாசலின் நடுவில், மேலே ஒரு பலகை மட்டும் மற்றவற்றைவிட வெளுப்பாக இருந்த இடத்துக்கு நேர் கீழே, நல்ல வெளிச்சம். தையல் மெஷினை அங்கே போட்டேன். அவர் மாடிப்படியில் நின்று பார்த்தார்.

"அங்க போடாதீங்கம்மா."

"ஏன் சார்?"

"தூசி விழும்."

அவ்வளவுதான் சொன்னார். கட்டில் காலில் பூச்சி பார்த்த மனுஷர்தானே என்று நான் நகர்த்தவில்லை. தூசி விழும் என்றது மட்டும் நிஜம்தான்.

பொங்கல் கழிந்து பனி குறைந்ததும் அவர் டெக் வேலையை ஆரம்பிப்பார். மழைக்காலம் முழுக்க ஊறிக் கறுத்துக் கிடக்கும் பலகைகளை வார்னிஷ் அடிக்கத் தயார் செய்கிற வேலை. ஆள் வைக்க மாட்டார். பழைய லுங்கியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, முதலில் இடைவெளிகளில் அடைந்திருக்கும் வேப்பிலைக் குப்பையை உடைந்த ரம்பத் துண்டால் நோண்டித் தள்ளுவார். எல்லாம் என் தலையில் விழும். அப்புறம் வாஷிங் சோடாவைக் கரைத்துத் தென்னை நார் கொண்டு தேய்த்துக் கழுவுவார். கறுப்புத் தண்ணீர் கீழே ஒழுகும். நன்றாகக் காயும்வரை காத்திருப்பார். தூக்கிக்கொண்டிருக்கும் ஆணித் தலைகளை உள்ளே இறக்குவார். பாதி வளைந்துவிடும், பிடுங்கி வேறு அடிப்பார். அதற்கப்புறம் உப்புத்தாள். முதலில் கரடு, பிறகு நைஸ். மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே இழுக்க வேண்டும், குறுக்கே இழுத்தால் கீறல் நிற்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல; அந்த ஒன்றை மட்டும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். சரக், சரக் என்று நாள் முழுவதும் தலைக்கு மேல் கேட்கும். மரத்தூள் கோடு கோடாக வெளிச்சத்தில் இறங்கும்.

தேய்த்து முடித்துத் துணியால் துடைத்ததும் தட்டுவார். ஓரத்திலிருந்து ஒவ்வொரு பலகையாக, சாண் சாணாக. அந்த வெளுப்புப் பலகையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். அதைத் தட்டும்போது மட்டும் சத்தம் மெதுவாக இருக்கும்.

இதற்குள் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து வார்னிஷ் டப்பா வந்து மாடிப்படியின் மேல் உட்கார்ந்திருக்கும். பிரஷ்ஷும் புதுசு. நாளைக்கு அடிக்கிறேன் என்பார். மறுநாள் மறுபடி தட்டுவார். பங்குனி போகும், சித்திரை போகும். டப்பா திறக்கப்படாது. கடைசியில் டீச்சரம்மா அதைத் தூக்கி யாருக்காவது கொடுத்துவிடுவார். அந்தத் தெருவில் எங்கள் ஜன்னல், எதிர் வீட்டுக் கதவு, கோடி வீட்டுக் கேரம் போர்டு எல்லாம் அவர் வாங்கிய வார்னிஷில் பளபளத்தன. அவருடைய டெக் மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"ஏன் சார், இவ்வளவு பாடுபட்டுட்டு அடிக்காம விட்டுடறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வெறும் பலகைன்னா எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரியும்மா. மேல பூசிட்டா அது நம்மகிட்ட சொல்லாது."

"மழையில ஊறுதே சார். ஊறினா கெட்டுத்தானே போகும்?"

"கெடட்டும். தெரியுதுல்ல?"

பயந்து பயந்தே அந்த மனுஷர் மரத்தை உளுக்க வைக்கிறார் என்று என் கணவரிடம் சொன்னேன்.

இரண்டாவது வருடம் அது நடந்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளைப் பட்டு ஜாக்கெட் என் மெஷினில் இருந்தது. மேலே சரக் சரக். மரத்தூள் பட்டின் மேல் மஞ்சளாக இறங்கியது. உதறினேன், மறுபடி இறங்கியது. கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. மூலையிலிருந்த ஒட்டடைக் குச்சியை எடுத்து, தலைக்கு நேர் மேலே இருந்த பலகையை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினேன். நிறுத்துங்க சார் என்று அர்த்தம்.

சத்தம் நின்றது. பிறகு மேலேயிருந்து, இடைவெளிக்கு வாயை வைத்துக் கேட்கிற மாதிரி, ஒரு சின்னக் குரல் வந்தது.

"அக்கா?"

அவர் வயதென்ன, என் வயதென்ன. கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. பதில் சொல்லாமல் பட்டை உதறினேன்.

"சரிக்கா" என்றது குரல். அது அந்த மனுஷரின் குரலே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன் குரல். உப்புத்தாள் துண்டு ஒன்று இடைவெளி வழியாக நழுவி என் மெஷின் மேல் விழுந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தேன்.

சிறிது நேரத்தில் டீச்சரம்மா படியிறங்கி வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"நீயா தட்டினே?"

"ஆமா டீச்சரம்மா. தூசி..."

அவர் என் மெஷினைப் பார்த்தார். மேலே வெளுப்புப் பலகையைப் பார்த்தார். வா என்று என்னை உள்ளே அழைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து சொன்னார்.

சாருக்குத் தாய் இல்லை. தூத்துக்குடியில் அக்காதான் வளர்த்தது. மகளுக்கு நிச்சயதார்த்தம் இதே வீட்டில் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களே என்று ஒரே வாரத்தில் வீட்டையே மாற்றினார் இவர். டெக் பலகைகளில் ஓட்டை விழுந்த இடமெல்லாம் பெயின்ட்டரை விட்டுப் பட்டி அடைத்து, மேலே பச்சை பெயின்ட் இரண்டு கோட் அடித்தார். கண்ணாடி மாதிரி மின்னியதாம். விசேஷத்தன்று காலையில் அக்கா வெறுங்காலோடு அதன் மேல் நடந்து பார்த்திருக்கிறார்.

"'ஏலே, நடுவுல ஒரு பலகை மெத்து மெத்துன்னு இருக்குல. ஒரு தட்டு தட்டிப் பாரு'ன்னாங்க. இவர் அந்தப் பக்கம் பந்தக்காரன்கிட்ட பேசிக்கிட்டே, 'சரிக்கா'ன்னார். தலையைக்கூடத் திருப்பலை. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அன்று மதியம் போட்டோ எடுக்க எல்லாரும் டெக்கில் நின்றார்கள். போட்டோக்காரர், கொஞ்சம் பின்னால் போங்க என்றார். அக்கா ஒரு அடி பின்னால் வைத்தார்.

"எங்க விழுந்தாங்கன்னு உனக்குச் சொல்லணுமா?" என்றார் டீச்சரம்மா. சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் மெஷின் அங்கேதான் இருந்தது.

உடைந்த இடத்தில் மறு வாரமே நல்ல தேக்குப் பலகை ஒன்று வாங்கிப் போட்டார்கள். டெக்கிலேயே உறுதியான பலகை அதுதான். அவர் கொஞ்சமும் நம்பாததும் அதைத்தான். பச்சை பெயின்ட்டையெல்லாம் அவரே சுரண்டி எடுத்தாராம். அதிலிருந்துதான் இந்தத் தட்டல்.

"அக்கா சரின்னு சொன்னாத்தான் பூசுவேன்னு இருக்கார்ம்மா. செத்தவங்க எங்கேர்ந்து சொல்வாங்க? இத்தனை வருஷமா ஒரு சத்தமும் வந்ததில்லை. இன்னிக்கு நீ தட்டிட்டே."

"நான்தான்னு சொல்லிடுங்க டீச்சரம்மா."

"சொல்லிட்டேன். 'தெரியும்'ங்கறார். தெரிஞ்சும் பலகையிலேர்ந்து காதை எடுக்க மாட்டேங்கறார். இனிமே தட்டாதேம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அன்றே மெஷினைச் சமையலறைப் பக்கம் நகர்த்திவிட்டேன். ஒட்டடைக் குச்சியை வீட்டின் பின்னால், விறகுக்குப் பின்னால் போட்டேன். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும், எல்லாப் பலகையும் தட்டி முடிந்ததும், நடுப் பலகையில் இரண்டு தட்டு விழும். பிறகு அமைதி. நீளமான அமைதி. மேலே அவர் காதை வைத்துப் படுத்திருப்பது இடைவெளிகள் வழியாக நிழலாகத் தெரியும். கீழே நான் அரிசி களைந்துகொண்டிருப்பேன், கை தானாக நின்றுவிடும். மூச்சுவிடவே பயமாக இருக்கும். ஒரு குச்சியைத் தூக்கினால் போதும் அந்த மனுஷருக்கு. ஆனால் எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் எப்படித் தட்டுவது? முதல் தடவை நான் தட்டியதை, வேண்டாம் என்று அக்கா சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். அந்த வருடம் வார்னிஷ் டப்பாகூட வாங்கவில்லை.

பையன் பிறந்து தவழ ஆரம்பித்தான். மரம் வருடா வருடம் தேய்ந்து மெலிந்தது. ஒரு மழையில், ஓரப் பலகையிலிருந்து கையகலத் துண்டு ஒன்று சொதசொதவென்று முன்வாசலில் விழுந்தது. குழந்தை அப்போதுதான் அங்கிருந்து நகர்ந்திருந்தான். என் கணவர் அன்று மாலையே அஸ்தினாபுரத்தில் வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார். டீச்சரம்மா காதுக்கு விஷயம் போனது. இறங்கி வந்து, விழுந்த துண்டைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார். ரொட்டி மாதிரி பிய்ந்தது.

"ஒண்ணு பூசணும், இல்ல பிரிக்கணும். இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளைமேல விழ நான் விடமாட்டேன். ரெண்டு மாசம் பொறுத்துக்கோ" என்றார்.

அந்த இரண்டு மாதத்துக்குள் சாருக்குக் கண்புரை ஆபரேஷன் வந்தது. மகள் வந்து அழைத்துக்கொண்டு போனாள். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரிக்கும்வரை அண்ணாநகரில்தான். கார் தெருமுனை திரும்பியதும் டீச்சரம்மா முடிச்சூர் ரோடு பாய்க்கு ஆள் அனுப்பினார். பாய் நல்ல தச்சர். டெக்கின் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உளி முனையால் அங்கங்கே குத்திப் பார்த்தார்.

"டீச்சரம்மா, ஓரத்துல நாலஞ்சு பலகை சுத்தமா அவுட்டு. மத்ததெல்லாம் இரும்பு மாறி கீது. நடுவுல இது இன்னா தேக்கு, இன்னும் நூறு வருசம் நிக்கும். ஆனா இப்டி தேச்சிகினே இருந்தா கடசீல உப்புத்தாள்தான் மிஞ்சும். ஓனரு சரின்னாரா?"

"ஓனர் நான்தான் பாய். வேலையைப் பாருங்க."

கெட்ட பலகைகள் போயின. புதியவை வந்தன. இத்தனை வருடம் அவர் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்ததால் மற்ற பலகைகளுக்கு அதிக வேலை இருக்கவில்லை. பாய் அதைத் தடவிப் பார்த்து, "பட்டு மாறி வச்சிகிறாரு மனுசன்" என்றார். வார்னிஷ் மூன்று கோட். பிரஷ் படப் பட, சாம்பல் நிறம் போய்த் தேன் நிறம் மேலே எழுந்து வந்தது. டீச்சரம்மா வாசற்படியில் நின்று அழுதார். அவ்வளவு அழகான மரத்தை அத்தனை வருடம் நாங்கள் பார்க்கவேயில்லை.

அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். கேட்டிலேயே மூக்கை உறிஞ்சினார். வாசனையே சொல்லிவிட்டது. டீச்சரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் திட்டவில்லை, கத்தவில்லை. மாடியேறிப் போய் அறைக்குள் படுத்தவர் டெக் பக்கக் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாடு பாதி திரும்பி வந்தது. நாலு நாள் போனால் சரியாகிவிடும் என்றாள் மகள் போனில். ஆகவில்லை. டீச்சரம்மா இளைத்தே போனார். "தப்புப் பண்ணிட்டேனா?" என்று என்னிடம் கேட்டார்.

அன்று புதன்கிழமை. டீச்சரம்மா சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். என் கணவர் ஆபீஸில். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். மதிய வெயில் தணிந்து, ஏரிக்காற்று லேசாக வர ஆரம்பித்த நேரம். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

பிறகு தட்டல். ஓரத்திலிருந்து, ஒவ்வொரு பலகையாக. வார்னிஷ் ஏறிய மரத்தின் சத்தம் வேறு மாதிரி, கணீரென்று இருந்தது. அவர் அவசரப்படவில்லை. எனக்குத் தெரியும், கடைசியில் எங்கே வருவார் என்று. கேட்கக் கேட்க என் மனசு ஒரு முடிவுக்கு வந்தது. டீச்சரம்மாவுக்குக் கொடுத்த வாக்குப் போனால் போகட்டும். இன்று அவருக்கு ஒரு பதில் வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அறையிலேயே முடிந்துபோவார். வார்னிஷுக்கு அடியில் பலகை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். செத்தவர் சொல்லாவிட்டால் இருக்கிறவர் சொல்லட்டும்.

பின்பக்கம் ஓடினேன். விறகைத் தள்ளி ஒட்டடைக் குச்சியை எடுத்தேன். சிலந்தி வலை கையெல்லாம் ஒட்டியது. திரும்பி வரும்போது நடுப் பலகையில் இரண்டு தட்டு விழுந்து, அந்த அமைதி ஆரம்பித்திருந்தது. இடைவெளியில் அவர் நிழல் படுத்திருந்தது. பலகைக்கு நேர் கீழே போய் நின்றேன். நான் அத்தனை வருடமாகக் கால் வைக்காத இடம். குச்சியை உயர்த்தினேன். பலகைக்கும் குச்சி முனைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

டக், டக்.

குச்சி அப்படியே நின்றது. நான் தட்டவில்லை. ஒரு சாண் இடைவெளி என் கண்ணெதிரே அப்படியே இருந்தது.

"சரிக்கா" என்றார் மேலே. இந்தத் தடவை அவருடைய சொந்தக் குரலில், வயதான குரலில் சொன்னார். அப்புறம் அழுதார். நெடுநேரம் அழுதார். நான் குச்சியை மெல்லக் கீழே இறக்கி, காலைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே வந்து, தூங்குகிற குழந்தையை வாரி மடியில் போட்டுக்கொண்டேன்.

அவரே தட்டியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது நிழல்தான், கை எங்கே இருந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. புதுப் பலகை காயும்போது சத்தம் போடும் என்றார் என் கணவர். போடும்தான். புதுப் பலகையெல்லாம் ஓரத்தில் இருந்தது, சத்தம் வந்தது நடுவில். அதற்கு மேல் அவரிடம் நான் வாதாடவில்லை.

மறுநாள் காலையில் அவர் படியிறங்கி என் சமையலறை வாசலுக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தாலும் முகம் தெளிந்திருந்தது.

"ரொம்ப நன்றிம்மா" என்றார்.

"எதுக்கு சார்?"

"எல்லாம் எனக்குத் தெரியும்மா. நீங்க பின்னால ஓடினதும் கேட்டுது, விறகு சரிஞ்சதும் கேட்டுது. யாரு தட்டினாங்கன்னு தெரிஞ்சேதான் சரின்னேன். ஒருத்தர் எனக்காக இவ்வளவு யோசிச்சாங்களே, அது போதும். நமக்குள்ள இருக்கட்டும்."

நான் இல்லை சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சிரித்தார். அந்த மனுஷர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் டெக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தார். நடுப் பலகையின் மேலேதான். டீச்சரம்மா கதவுக்குப் பின்னால் நின்று நம்ப முடியாமல் பார்த்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தெருவையே மேலே கூப்பிட்டுக் கேக் கொடுத்தார். மகள் பிள்ளைகளோடு வந்து நின்றாள். நாங்கள் அஸ்தினாபுரம் போகவில்லை. அவர் அதற்கப்புறம் எதையும் தட்டவில்லை. தர்பூசணியைக்கூடக் கண்ணால் பார்த்தே வாங்கி வந்தார், பாதி நாள் வெள்ளையாக இருக்கும்.

தட்டல் அவரை விட்டுப் போய் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது. மேலே ஒரு மரம் முறுக்கினால்கூட ஊசி கையில் ஏறும். முன்வாசலைப் பெருக்கும்போது நடுவில் வந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிப் போவேன். அவர் மேலே நிம்மதியாக நடக்க நடக்க, கீழே நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

சில வருடங்கள் கழித்து, ஒரு பகல் தூக்கத்திலேயே அவர் போய்ச் சேர்ந்தார். கூடத்தில் பெட்டியில் வைத்திருந்தார்கள். பாய் கையால் செய்த பெட்டி, லேசாக வார்னிஷ் வாசனை. மூடப் போகிற நேரத்தில் டீச்சரம்மா என்னைத் தேடிக் கையைப் பிடித்து அருகே அழைத்தார்.

"என்கிட்ட எல்லாம் சொல்லிட்டார்ம்மா. கோவிச்சுக்காதே. 'கீழ் வீட்டுப் பொண்ணு தட்டின அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்துது'ன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவார். நீ நல்லா இருக்கணும்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூடியைத் தூக்கி வைத்தார்கள். டீச்சரம்மா என் கையை விடாமல் பெட்டியின் மேல் வைத்தார்.

"ஒரு தடவை தட்டிடும்மா. உன் தட்டு அவருக்குத் தெரியும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவிரலை மடக்கி, டக், டக் என்று இரண்டு தட்டுத் தட்டினேன்.

இந்தத் தடவை தட்டியது நான்தான்.